பந்தயத்தில் போன சண்டை

பணம் வைத்து ஆடுவதில்லை என்று டைம்கீப்பர் மனைவிக்குச் சத்தியம் செய்துகொடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு சல்லிக்காசு வைத்து ஆடியது கிடையாது. மனுஷன் வாக்குத் தவறாதவர். பணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வைத்து ஆடினார்.

வேலை பார்த்த இடமும் அப்படி வாய்த்துவிட்டது. பஸ் நிலையத்தின் நடுவே மூன்று பக்கம் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மேஜை விசிறி, ஒரு மைக். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவது இவர் வேலை. அதை மைக்கில் சொல்வது பக்கத்து நாற்காலிக்காரர் வேலை. அவரை எல்லோரும் மைக்காரர் என்பார்கள். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். அதைப் பற்றி யாராவது கேட்டால், "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்பார், மைக்கில் சொல்லும் அதே குரலில்.

கூண்டிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாலை வளைவது தெரியும். வருகிற பஸ் எதுவென்று அந்த வளைவைத் தாண்டும் வரை தெரியாது. முதலில் இரைச்சல் கேட்கும். பிறகு தொட்டிச் சுவரில் நிழல் விழும். அதற்கப்புறம்தான் நம்பர். இரைச்சலுக்கும் நம்பருக்கும் நடுவே அரை நிமிஷம். டைம்கீப்பர் உயிரோடு இருந்தது அந்த அரை நிமிஷத்தில்தான். மிச்ச நேரமெல்லாம் சம்பளத்துக்காக இருந்தார்.

"எட்டா, பதினாலா?" என்பார். கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். பேனா மூடியைத் திறப்பார், மூடுவார்.

"பதினாலு," என்பார் மைக்காரர், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

பதினாலுதான் வரும். மைக்காரருக்கு ஜெயித்தாலும் ஒன்று, தோற்றாலும் ஒன்று. அதனாலேயோ என்னவோ ஜெயித்துக்கொண்டே இருந்தார். டைம்கீப்பர் கணக்கு வேறு. ஆறு தடவை தோற்றாயிற்று, ஏழாவது தன் பக்கம் வந்துதானே ஆகவேண்டும் என்பார். பஸ்ஸுக்கு அந்தக் கணக்கு தெரியாது. பதினாலின் வாலைப் பிடித்துக்கொண்டு எட்டு வந்தால், "பார்த்தியா, மூக்களவுதான் வித்தியாசம்" என்று பாதி ஜெயித்த மாதிரி பூரித்துப்போவார்.

முதலில் போனது ஜன்னலோர நாற்காலி. பிறகு விசிறியின் காற்று. பிறகு மத்தியானத் தூக்கம்; மைக்காரர் தம்முடையதை ஒரு மணிக்கும் டைம்கீப்பருடையதை இரண்டு மணிக்கும் தூங்கினார். ஒரு மழை நாளில் தும்மலும் போயிற்று. அதற்கப்புறம் இரண்டு மாதம் டைம்கீப்பர் தும்மவில்லை. மூக்கு அரிக்கும், வாய் திறக்கும், கண் செருகும்; அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் மைக்காரர் தும்மி முடித்துவைப்பார். மைக் திறந்திருந்தால் பஸ் நிலையம் முழுக்கக் கேட்கும். ஜெயித்ததை வீணாக்குகிற ஆள் இல்லை அவர்.

இப்படி வைப்பதற்கு ஒன்றுமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, வளைவில் இரைச்சல் கேட்டுவிட்டது. எதையாவது வைத்தாக வேண்டும். யோசிக்க நேரம் இல்லை.

"எங்க வீட்டம்மாகூட நான் போடற சண்டையை வைக்கிறேன்," என்றார் டைம்கீப்பர். "எட்டு."

"பதினாலு."

பதினாலு வந்தது.

அவர் மனைவி வீட்டிலேயே மெஷின் வைத்துத் தைக்கிறவள். அன்று அவர் உள்ளே நுழைந்ததும் மெஷினை மிதித்தபடியே சொன்னாள்: "குழாயைச் சரியா மூடாம போயிட்டீங்க. பாதித் தொட்டி காலி."

இதற்கு இருபத்தெட்டு வருஷமாக ஒரு பதில் உண்டு. நீ மட்டும் விளக்கை அணைச்சியா என்று ஆரம்பித்தால், கல்யாணத்தன்று அவள் சித்தப்பா சொன்ன ஒரு சொல் வரைக்கும் போய், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிடலாம். டைம்கீப்பர் வாயைத் திறந்தார், மூடினார்.

"ஆமா, தப்புதான்," என்றார்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மைக்காரர் வந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை.

"வாங்க தம்பி. என்ன விஷயம்?"

"சண்டை போடணும் அண்ணி. நான் ஜெயிச்சது. நாலு நாளா அப்படியே நிக்குது." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், வழியில் நிற்கும் ஊர்களைச் சொல்வது போல.

இந்த மாதிரிச் செய்திக்கு ஒரு மனைவி புருஷனை எப்படியெல்லாம் பார்க்கலாமோ அப்படியெல்லாம் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "சரி, ஆரம்பிங்க" என்றாள்.

மைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தக் குழாய் விஷயம். நீங்க சொன்னதுல நியாயம் இருக்கு. சொன்ன நேரம் சரியில்ல. மனுஷன் இன்னும் செருப்பைக்கூடக் கழட்டல."

"செருப்பைக் கழட்டினதும் தூங்கிடறாரே. அப்புறம் எப்பதான் சொல்றது?"

மைக்காரர் யோசித்தார். "அது சரியான கேள்வி," என்றார்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னது கிடையாது. ஒரு கேள்வி கேட்டால் எதிரேயிருந்து இன்னொரு கேள்விதான் வரும். இந்த மனுஷன் கேட்டார், யோசித்தார், அதன் பிறகு மறுத்தார். சண்டை முக்கால் மணி நேரம் நடந்தது. பக்கத்து வீட்டில் டி.வி.யை அணைத்துவிட்டுக் கேட்டார்கள், குரல் அப்படி. கடைசி வார்த்தை வழக்கம்போல அவளுடையது.

"அடுத்த சனிக்கிழமையும் வந்துடுங்க தம்பி," என்று வாசல் வரைக்கும் போய்ச் சொன்னாள்.

டைம்கீப்பருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன்னுடைய சண்டை இன்னொருத்தர் வாயில் இத்தனை லட்சணமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. மூன்று வாரம் போயிற்று. வியாழக்கிழமையே அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்துவிடும். குறைகளையெல்லாம் வாரம் முழுக்கச் சேர்த்துவைத்தாள்.

"என்னன்னு என்கிட்ட சொல்லேன்," என்று கெஞ்சினார்.

"உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சனிக்கிழமை பார்த்துக்கறேன்."

கூண்டுக்குள் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "அந்தச் சண்டையைத் திருப்பி வைப்பா. ஒரே ஒரு ஆட்டம்."

"எதிர்ல என்ன வைப்பீங்க சார்?"

டைம்கீப்பர் தன்னையே தடவிப் பார்த்துக்கொண்டார். தும்மல்கூட இல்லை.

"அண்ணி வந்து ஆடினா ஆடலாம்," என்றார் மைக்காரர். "அவங்ககிட்ட சரக்கு இருக்கு."

சத்தியம் வாங்கினவளையே ஆட்டத்துக்குக் கூப்பிடுவது எப்படி? பணம் இல்லையே, பணம் இல்லையே என்று இரண்டு நாள் அவள் பின்னாலேயே சுற்றினார். அவள் பிடி கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டே, வழக்கமாகச் சொல்லும் டிப்போ சமாச்சாரத்தைச் சொன்னார்.

"இருபத்துமூணு இன்னைக்கு வராது. கியர்பாக்ஸ் போயி ஒர்க்‌ஷாப்ல கிடக்குது."

"ம்," என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மத்தியானம் வரேன்."

வந்தாள். கூண்டில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாததால் டைம்கீப்பர் சுவரோடு ஒட்டி நின்றார்.

"என்ன வைக்கிறீங்க அண்ணி?"

"என் கடைசி வார்த்தை."

அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஒரே சொத்து அது. தோற்றால் அந்த வீட்டில் இனி முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரைக்கும் மைக்காரருடையது.

வளைவில் இரைச்சல் கேட்டது.

"எட்டு," என்றார் மைக்காரர்.

"இருபத்துமூணு," என்றாள்.

டைம்கீப்பர் கையிலிருந்து பேனா மூடி கீழே விழுந்தது. மைக்காரர் முதன்முறையாகப் பேப்பரை மடித்துவைத்தார். "அண்ணி, அது இன்னைக்கு..."

"ஆட்டம் ஆரம்பிச்சாச்சு தம்பி. மைக்கை மூடுங்க."

அந்த அரை நிமிஷம் டைம்கீப்பருக்கு ஒரு வருஷத்துக்கு நீண்டது. காலையில்தானே சொன்னோம். தெரிந்தே சொல்கிறாளா? தோற்கத்தான் வந்தாளா, சனிக்கிழமைகள் கைவிட்டுப் போகக்கூடாதென்று? அப்படியென்றால் கடைசி வார்த்தையை எதற்கு வைத்தாள்? அதைத் தோற்பதற்காக வைக்கிறவள் இந்த உலகத்திலேயே இல்லையே. ஒருவேளை காலையில் சொன்னது காதிலேயே விழவில்லையோ?

தொட்டிச் சுவரில் நிழல் விழுந்தது. நிழலின் வடிவம் சரியில்லை.

இருபத்துமூன்று வந்தது. பின்பக்கமாக வந்தது. கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்த்ததில் ரிவர்ஸ் மட்டும்தான் விழுந்ததாம். சோதித்துப் பார்க்க எடுத்த மெக்கானிக், வேறு வழியில்லாமல் மூன்று சிக்னலையும் அப்படியே கடந்து வந்திருக்கிறார். வழியில் ஐந்தாறு பேர் ஏறியும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பின்னாலேயே எட்டு வந்தது. அதன் டிரைவரும் மெக்கானிக்கும் வழி முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வந்ததில் நல்ல சிநேகிதம் ஆகியிருந்தது.

"ரிவர்ஸ்ல வந்தது செல்லுமாப்பா?" என்று டைம்கீப்பரே கேட்டுவிட்டார்.

"வந்துச்சுன்னா வந்துச்சுதான் சார். எந்தப் பக்கமா வந்துச்சுங்கிறது பேச்சே இல்ல." மைக்காரர் பேப்பரை மறுபடி பிரித்தார், தலைகீழாக. "சண்டை இனிமே உங்களோடது. சனிக்கிழமைக்கு நான்தான் வேற ஏதாவது பார்த்துக்கணும்."

சாயங்காலம் டைம்கீப்பர் செருப்போடு நின்றே கேட்டார். கேட்கும் உரிமைதான் வந்துவிட்டதே.

"இருபத்துமூணு வராதுன்னு காலையில உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன். நீ 'ம்'னு சொன்ன."

"நீங்க என்ன சொன்னாலும் 'ம்'னுதான் சொல்றேன்."

"அப்ப தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

நூல் ஊசிக்குள் போயிற்று. "ஜெயிச்சாச்சில்ல," என்றாள். மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, தெரிந்துதான் சொன்னாள் என்று டைம்கீப்பர் முடிவு செய்திருந்தார். பாதி வழியில், தெரியாமல்தான் என்று ஆயிற்று. கூண்டின் கதவைத் திறக்கும்போது இரண்டும் சரிசமமாக நின்றது.

வளைவில் இரைச்சல் கேட்டது.

"எட்டா, பதினாலா சார்?" என்றார் மைக்காரர். இத்தனை வருஷத்தில் அவராகக் கேட்பது இதுதான் முதல் தடவை.

டைம்கீப்பரின் கால் ஆடிக்கொண்டிருந்தது. வளைவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"வேண்டாம்ப்பா," என்றார். "வீட்ல ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு."