நாற்பதும் நாற்பதும்

நிரோஷா வருவதற்கு முன்பே ஜெகதீஸ்வரி இரண்டு மருந்துப் போத்தல்களையும் மேசைமேல் எடுத்து வைத்திருந்தாள். அவளுடையது காலி. கணவர் மோகனராஜுடையதில் மிச்சம் பதினாறு. அவர் போய் இருபத்தைந்து நாளாகியிருந்தது.

நிரோஷா, கோவிட் கிருமிக்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்த குழுவின் தாதி. பிப்ரவரியில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நாளில் சோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்தபோது அவள்தான் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கு வந்து, வாசலில் நின்றபடியே எல்லாம் விளக்கிக் கையெழுத்து வாங்கினாள். கிருமி நான்கு வகைத் துண்டுகளைக் கோத்துக் கோத்துத்தான் தன்னை நகலெடுக்கிறதாம். அவற்றுக்கு நியூக்ளியோசைடு என்று ஏதோ பேர். இந்த மருந்து அதில் ஒன்றின் வேடத்தில் உள்ளே நுழையும். கிருமி ஏமாந்து அதையும் கோத்துவிட்டால் நகல் பாழ். ஆனால் யாருக்கு மருந்து, யாருக்கு அதே தோற்றத்தில் வெறும் மாவு என்பது நிரோஷாவுக்கே தெரியாது. போத்தலின்மேல் எண் மட்டும் இருந்தது.

மோகனராஜ் பாயான் லெப்பாஸ் கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரம் பார்த்தவர். இனிப்புநீர்க்காரர், தினமும் சர்க்கரைக்கு மாத்திரை தின்பவர். கேட்டு முடித்ததும் தலையாட்டினார். "நமக்கு மாவு வந்தாலும் பரவால்ல லா. நம்ம நம்பர் அடுத்தவனுக்கு உதவும்" என்றார்.

அன்று மாலை அவர் காய்ச்சலில் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் ஜெகதீஸ்வரி அதைச் செய்தாள். அந்த வீட்டில் முப்பத்தொரு வருஷமாக எதுவும் ஒருவருக்கென்று மட்டும் வந்ததில்லை. பாசாரில் ஒரு டுரியான் வாங்கினாலும் சுளையை எண்ணி இரண்டாக்குவார்கள். ஒருவர் மருந்தும் ஒருவர் மாவும் தின்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு போத்தலையும் எவர்சில்வர் தட்டில் கவிழ்த்து, கையால் நன்றாகக் கலந்து, நாற்பதும் நாற்பதுமாகத் திரும்ப நிரப்பினாள். பாதியாவது அவருக்குப் போகும்.

அவரிடம் சொல்லவில்லை. ஒருமுறை யாரோ இரண்டு தட்டுச் சில்லுகளைக் கலந்துவிட்டதற்காக அவ்வளவையும் குப்பையில் கொட்டவைத்த மனிதர் அவர்.

மருந்து தொடங்கிய நான்காம் நாள் காலை அவருக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஒன்பது நாள் கழித்து, தாதி ஒருத்தி தூக்கிப் பிடித்த கைப்பேசித் திரையில் அவரைக் கடைசியாகப் பார்த்தாள்.

இப்போது நிரோஷா நீலத் தட்டில் மாத்திரைகளை எண்ணினாள். ஒரு நாளைக்கு எட்டு, மூன்று நாளைக்கு இருபத்து நாலு. மிச்சம் பதினாறு. எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். ஜெகதீஸ்வரி வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அவரு நம்பர என்னம்மா செய்வீங்க?"

"தவறிட்டாருன்னு பதிவாகும் ஆண்ட்டி. எல்லாரோட நம்பரையும் வச்சுத்தான் மருந்து கேக்குதா இல்லையான்னு பாப்பாங்க."

ஜெகதீஸ்வரி காலிப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவர் எண்ணைக் கணக்கிலிருந்து அடித்துவிடுவார்கள். அவர் மனசாரக் கொடுத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். சொல்லாவிட்டால் அந்த எண் காலத்துக்கும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். அவருடையதுதான் மருந்தாக இருந்து, அதில் பாதியைத் தான் தின்றிருந்தால்? இதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

"நான் ரெண்டையும் கலந்துட்டேம்மா."

நிரோஷாவின் பேனா நின்றது. திட்டவில்லை. முதல் வேளைக்கு முன்பா, பின்பா என்று கேட்டாள். முன்பு என்றாள் ஜெகதீஸ்வரி.

"அங்கிளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னை வீட்டுல வச்சிருப்பாரா?"

இருவரும் லேசாகச் சிரித்தார்கள். பிறகு ஜெகதீஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் எண்ணை அடித்துவிடுவீர்களா என்று கேட்டாள்.

"அடிக்க மாட்டோம் ஆண்ட்டி. ரெண்டு கணக்கு உண்டு. சேர்ந்தவங்க எல்லாரும் ஒண்ணுல. சொன்னபடி சாப்பிட்டவங்க மட்டும் இன்னொண்ணுல. முதல் கணக்குல அங்கிள் இருப்பாரு. ரெண்டாவதுல நீங்க ரெண்டு பேருமே இல்ல."

நடந்ததை நிரோஷா எழுதி வாசித்துக் காட்ட, ஜெகதீஸ்வரி அடியில் கையெழுத்துப் போட்டாள். சோதனை முடிந்து எண்களைத் திறக்கும்போது யாருக்கு எது என்று சொல்வார்கள். சிலர் வேண்டாம் என்பார்களாம். அவள் வேண்டும் என்றாள்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் நிரோஷா கைப்பேசியில் அழைத்தாள். ஜெகதீஸ்வரி பாசாருக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"ஆண்ட்டி, அங்கிள் போத்தல்ல இருந்தது மாவு. உங்களோடதுதான் மருந்து."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு இருக்கையில் உட்கார்ந்தாள். பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"அப்ப என்னோடதுல பாதி அவருக்குப் போயிருக்கு."

"ஆமா ஆண்ட்டி. ஏறக்குறைய பாதி."

"பத்தலம்மா" என்றாள் ஜெகதீஸ்வரி.

அடுத்த பஸ் வரும்வரை நிரோஷா அழைப்பைத் துண்டிக்கவில்லை.