நாற்பத்தொன்றாம் கேள்விக்கு வந்த பதில்

1

"செவ்வாய்க்கிழமைன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறது வேற, தெரியறது வேற. போலீஸ்காரங்க கேட்டா நெனைக்கிறேன்னு சொல்வியா?"

"மொதல்ல வாயில இருக்கிறத முழுங்கிட்டுப் பேசுங்க, வோரிக். என் மேசை பூரா ஸ்காலப் சிப்பித் துண்டு."

"மேசையத் தொடைச்சுக்கலாம். கோப்பத்தான் தொடைச்சு வெச்சுட்டியே."

அவள் ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். எதிர் மேசையில், ஒரு பறவைப் புத்தகத்துக்குப் பொருளடைவு தயாரித்துக்கொண்டு, காதை மட்டும் அவர்கள் பக்கம் வைத்திருந்தேன். ஹோபார்ட்டில், துறைமுகத்துக்கு இரண்டு தெரு மேலே இருக்கும் சின்னப் பதிப்பகம் அது. வாரத்தில் இரண்டு நாள் நான் அங்கே வேலை செய்கிறேன். வோரிக் அதன் முதலாளி. அவள் நெரிடா, பிரதி திருத்துபவள். கேட்ட கதையை எழுதலாமா என்று ஒரு வாரம் கழித்து அவளிடம் அனுமதி கேட்டேன்.

"எந்த பாஷையில?"

"தமிழ்ல."

"அப்ப எழுது. இங்க எவனும் படிக்க மாட்டான்," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் படிப்பாரோ என்னவோ," என்றாள்.

அவள் சிரிக்கவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: கடல் அன்று காலை கண்ணாடி போல —

(இல்லை. அன்று காலை கடல் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. படகு மட்டும்தான் திரும்பி வந்தது.)

இரண்டாவது தொடக்கம்: மரே டில்யார்ட் பிடிவாதக்காரர்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். மரே டில்யார்டுக்கு அறுபத்து மூன்று வயது. கடற்பறவைகளைப் படம் பிடிப்பவர். டிஜிட்டல் படக்கலை பற்றி எங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு கையேடு எழுதிக்கொடுத்தார். அதைத் திருத்தும் வேலை நெரிடாவுக்கு. எட்டு மாதங்கள் அவர்கள் இருவரும் கோப்பின் ஓரத்தில் சண்டை போட்டார்கள். அவள் கேள்வி எழுதுவாள். அவர் அதன் கீழே பதில் எழுதுவார். நேரில் இரண்டே முறைதான் சந்தித்திருக்கிறார்கள்.

சண்டை எதைப் பற்றி? சொன்னால் சிரிப்பீர்கள். ஆட்டோஃபோகஸ் என்பது ஒரே சொல்லா, இரண்டு சொல்லா? மெகாபிக்சலுக்கு நடுவில் கோடு வேண்டுமா? வைஃபைக்கு எங்கெங்கே பெரிய எழுத்து? ஒரு புத்தகத்தில் ஒரு சொல்லை ஒரே விதமாகத்தான் எழுத வேண்டும் என்பது அவள் வேலையின் முதல் விதி. முடிவானதையெல்லாம் ஒரு பட்டியலில் ஏற்றிவிடுவாள்.

நாற்பத்தொன்றாம் கேள்வி, ரா என்ற சொல்லைப் பற்றியது. கேமரா எதையும் மெருகேற்றாமல் அப்படியே சேமித்து வைக்கும் கோப்புக்கு அந்தப் பெயர். மரே அதை எங்கும் முழுக்கப் பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தார். ஜேபெக் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதலாம், அது ஒரு குழுவின் பெயரைச் சுருக்கியது. ரா எதன் சுருக்கமும் அல்ல. சமைக்காதது என்று மட்டுமே பொருள். 'சிறிய எழுத்தாக மாற்றலாமா?' என்று கேட்டாள் நெரிடா.

'முடியாது. கேமராத் திரையில பெரிசாத்தான் இருக்கு' என்று எழுதினார்.

அவள் மறுபடி கேட்டாள். 'முடியாதும்மா' என்று வந்தது. மூன்றாம் முறை கேட்டபோது, 'எம் பொணத்து மேல ஏறி மாத்திக்கோ' என்று எழுதிப் பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றையும் போட்டிருந்தார்.

(இந்த வரியை நீக்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கதைக்கென்று ஜோடித்தது போல இருக்கிறது. ஆனால் அவர் எழுதியது அதுதான் என்று நெரிடா சத்தியம் செய்கிறாள். அவளால் இப்போது செய்ய முடிவது சத்தியம் மட்டும்தான். ஏன் என்பது அடுத்த பகுதியில்.)

தமிழ் வாசகருக்கு இந்தச் சண்டையை எப்படிக் காட்டுவது? நம் எழுத்தில் பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. மரேயின் ராவும் நெரிடாவின் ராவும் இந்தப் பக்கத்தில் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. அவர்கள் எட்டு மாதம் சண்டை போட்டு அடையாத சமாதானத்தை நம் எழுத்து ஒரு நொடியில் செய்துவிடுகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு நிம்மதி வரவில்லை. யாரோ இருந்த இடத்தைத் துடைத்துவிட்டது போல இருக்கிறது.*

* ரா என்றால் தமிழில் இரவு என்றும் பொருள் கொள்ளலாம். அதை இந்தக் கதையில் பயன்படுத்தப் போவதில்லை. இங்கே நடப்பதெல்லாம் பகலில்.

3

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு நெரிடா கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திங்கள் விடுமுறை. அன்று வரைக்கும் நாற்பத்தொன்றாம் கேள்விக்கு மரேயின் பதில் பழைய பதில்தான்.

மரே அந்த வாரம், படகில் போய்ச் சேர வேண்டிய புரூனித் தீவில் இருந்த அவருடைய தகரக் குடிலில் தனியாகத் தங்கியிருந்தார். சனிக்கிழமை பிற்பகல் அவருடைய சின்னப் படகு ஆளில்லாமல் மிதந்து வந்தது. கேமரா குடிலில் இருந்தது. மடிக்கணினி குடிலிலும் இல்லை, படகிலும் இல்லை. ஹெலிகாப்டர் வந்து தேடியது. குடும்பத்துக்குச் சொல்லி முடிக்கும் வரை போலீஸ் அவர் பெயரை வெளியே விடவில்லை.

ஆக, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நெரிடா கோப்பைத் திறந்தபோது அவளுக்கு ஒன்றும் தெரியாது. நாற்பத்தொன்றாம் கேள்வியின் கீழே புதிதாக ஒரு பதில் இருந்தது:

'சரி. எல்லாத்தையும் சின்னதாக்கிடு. கத்தினது போதும்.'

பெரிய எழுத்தில் எழுதுவது கத்துவது போல என்று எப்போதோ அவள்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாளாம். பிறகு, வேலை முடிந்ததும் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். எல்லாத் திருத்தங்களையும் ஏற்கும் பொத்தானையும், ஓரக் குறிப்புகளை அழிக்கும் பொத்தானையும் அழுத்தினாள். சிவப்புக் கோடுகள் போயின. ஓரத்துக் கேள்விகள் போயின. பதில்கள் போயின. ஒவ்வொரு பதிலின் தலையிலும் இருந்த பெயர், நாள், மணி, அவையும் போயின. சுத்தமான பிரதியைப் பழைய பிரதியின் மேலேயே சேமித்தாள்.

பழையதை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். அது எங்கள் இடத்துச் சட்டம். இரண்டு வருடத்துக்கு முன் காளான் புத்தகம் ஒன்று திருத்தாத பிரதியிலிருந்து அச்சாகி, எண்பத்தெட்டாம் பக்கத்தில் 'இது விஷமா இல்லையா, கேட்டுச் சொல்லவும்' என்ற வரியோடு கடைகளுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரே ஒரு பிரதிதான் உயிரோடு இருக்க வேண்டும் என்று வோரிக் சொல்லிவிட்டார். கோப்புகள் இருப்பது அவர் மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் கணினியில். அது முந்தைய நிலைகள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. மரே தீவிலிருந்தே இணையம் வழியாக அதற்குள் வந்து போவார்.

புதன்கிழமை காலை, வீட்டில் ரொட்டிக்கு வெஜிமைட் தடவிக்கொண்டிருந்தபோது நெரிடா வானொலியில் மரேயின் பெயரைக் கேட்டாள். படகு கிடைத்தது சனிக்கிழமை என்றார்கள்.

அவளுக்கு அந்தப் பதிலின் தலையில் இருந்த நாள் நினைவுக்கு வந்தது. அங்கே தேதியே இல்லை, அன்றன்று எழுதியதற்குக் கணினி தேதி காட்டாது. 'இன்று' என்றுதான் இருந்தது. இன்று, ஒன்பது நாற்பது.

4

இங்கே நான் என் கதாபாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால், அதே செவ்வாய்க்கிழமை காலையில் வோரிக்கும் அதே கோப்பில் அட்டையைப் பற்றி மூன்று குறிப்புகள் எழுதியிருந்தார். அவற்றின் தலையிலும் 'இன்று' என்றுதான் இருந்திருக்கும். நெரிடாவின் கண் ஒன்றில் பார்த்ததை இன்னொன்றில் ஒட்டவைத்திருக்கலாம். மரே அந்தப் பதிலை வெள்ளிக்கிழமை சாயங்காலமே, குடிலில், பியரைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கலாம். மறுநாள் படகில் போய், கடலில் விழுந்து —

"நீங்க எழுதினது எத்தனை மணிக்கு?" என்று அவள் வோரிக்கிடம் கேட்டிருக்கிறாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? காலைல வந்தேன், எழுதினேன். ஒன்பது மணி இருக்கும். பத்தாவும் இருக்கலாம்."

"ஒன்பது நாப்பதா?"

"அம்மணி, நான் மனுஷன். மணிக்கூண்டு இல்ல."

அதற்குப் பிறகு நெரிடா ஒவ்வொரு நாள் காலையும் அந்தச் சுத்தமான கோப்பைத் திறந்து பார்க்கிறாள். முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் ரா சின்ன எழுத்தில் இருக்கிறது. ஓரம் வெள்ளையாக இருக்கிறது. அதையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் ஒருநாள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒன்றுமே இல்லாத ஓரத்தை அவ்வளவு நேரம் பார்க்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

(மூன்றாம் பகுதியில் ஒரு வரி நான் எழுதியதாக எனக்கு நினைவில்லை. எந்த வரி என்று சொல்லப்போவதில்லை. என் கோப்பு நாளையும் மணியையும் பத்திரமாக வைத்திருக்கிறது, பார்த்தால் தெரிந்துவிடும். இன்னும் பார்க்கவில்லை.)

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு. விசாரணை அதிகாரி அடுத்த வாரம் வியாழக்கிழமை வருகிறார். நெரிடா, செவ்வாய்க்கிழமை என்று சொல்கிறாள். அப்படியானால் படகு காலியாகக் கிடைத்து மூன்று நாளுக்குப் பிறகும் மரே உயிரோடு எங்கோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கைவிட்ட தேடலை மறுபடி தொடங்குகிறார்கள். ஹெலிகாப்டர் தீவின் மேல் —

இரண்டாவது முடிவு. வெள்ளிக்கிழமையாக இருக்கலாம் என்கிறாள். மரே இறந்துவிட்டார் என்று காகிதத்தில் எழுதுகிறார்கள். நாங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே இரண்டு வருடங்களைப் போட்டு, நடுவில் ஒரு சின்னக் கோடு போடுகிறோம். அவர் மனைவி ஜோஸ் உடலில்லாத பெட்டியை —

இரண்டையும் பாதியில் விட்டேன். இரண்டிலும் ஜோஸ் என்ற அந்தப் பெண் ஹெலிகாப்டரையோ பெட்டியையோ பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்கிறாள். உண்மையில் அவள் அப்படி நிற்கவில்லை. அதிகாரி வருவதற்கு முந்தின நாள், புதன்கிழமை மத்தியானம், அலுவலகத்துக்கே வந்தாள். வோரிக் சாப்பிடப் போயிருந்தார். நான் இருந்தேன், எழுந்து போகப் பார்த்தேன். "நீ உக்காருப்பா," என்றாள் என்னிடம். மழைச்சட்டையைக் கழற்றாமல் நெரிடாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அந்த ஆபீசர் வர்றாராமே."

"ஆமா, ஜோஸ். எனக்குத் தெரிஞ்சதச் சொல்லிடுவேன். மறுபடி தேடுவாங்க. நீங்க கவலைப்படாதீங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"அவர் பதில் செவ்வாய்க்கிழமைதான் வந்துச்சு. இன்னிக்கு, ஒன்பது நாப்பதுன்னு போட்டிருந்துச்சு. அப்படித்தான்… அப்படித்தான் ஞாபகம்."

ஜோஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"அவரு உன்னப் பத்திப் பேசிட்டே இருப்பாரு. எமகாதகி, எழுத்தெண்ணுறவன்னு. நல்ல மாதிரிதான் சொல்லுவாரு."

"அவர் மட்டும் என்னவாம்? முந்நூத்திப் பன்னெண்டு இடம், ஜோஸ்."

ஜோஸ் சிரித்தாள். நெரிடாவும் சிரித்தாள். பிறகு ஜோஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். எதிர் மேசையிலிருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நான் யாருக்கும் சொல்லல. அந்தச் செவ்வாய்க்கிழமையும் மொதப் படகுல தீவுக்குப் போனேன், போலீசோட சேர்ந்து தேட. எல்லாம் நனைஞ்சு போச்சு. மாத்துத் துணி எடுக்கலாம்னு பதினோரு மணிக்கு இந்தக் கரையில இருக்கிற எங்க வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டினபடிதான் இருந்துச்சு. டீ போடலாம்னு கெட்டிலத் தூக்கினேன். சூடா இருந்துச்சு, கண்ணு."

நெரிடா நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

"அதுக்கு முந்தி மூணு நாளா அத நான் தொடவே இல்ல. தீவுலதான் குடிச்சேன், தீவுலதான் தின்னேன். மொதல்ல பிரமைன்னு நெனைச்சேன். இப்ப நீ ஒன்பது நாப்பதுங்கிற."

"அப்படின்னா ஜோஸ், அவர் உயிரோட —"

"வீட்டுக்கு வந்திருக்காரு. நான் இல்ல. அதனால போயிட்டாருன்னு நெனைச்சுக்கலாம். ஆனா எங்க வீட்டுக்கு எதிர்ல பெரிய பைன் மரம் இருக்கு. அங்க நின்னா, நான் கார எடுத்துட்டுப் போறது தெரியும். நான் போகட்டும்னு நின்னிருந்தாருன்னா? முப்பத்தாறு வருஷம், நெரிடா. அவரு கடல்ல போயிட்டாருன்னா என்னால தாங்கிக்க முடியும். தாங்கவும் ஆரம்பிச்சுட்டேன். மரத்துக்குப் பின்னால நின்னாருன்னா…"

நெரிடாவின் திரையில் அந்தக் கோப்பு திறந்திருந்தது. ஜோஸ் அதைப் பார்க்கவில்லை. நெரிடாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. வியாழக்கிழமை வந்ததா, அதிகாரி கேட்டாரா, அவள் என்ன சொன்னாள் என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. நான் கடைசியாகக் கேட்டது இவ்வளவுதான்:

"வெள்ளிக்கிழமைன்னு சொல்லிடு, கண்ணு. உனக்குத்தான் சரியா ஞாபகம் இல்லியே. வெள்ளிக்கிழமைன்னு சொல்றியா?"