இங்கே மிக மோசமான தயிர் விற்கப்படும்

தயாவதியின் தயிரை முதன்முதலில் வாய்விட்டுப் புகழ்ந்தவர் கதிர்காமத்துக்குப் போகும் பஸ்ஸின் சாரதி. அவர் புகழ்ந்து முடித்து விரலை நக்கிக்கொண்டிருந்தபோது, கடைக்குப் பின்னால் கட்டியிருந்த எருமை நின்ற நிலையிலேயே உப்பாகிப் போனது. கொம்பிலிருந்து குளம்பு வரை நல்ல வெள்ளை உப்பு. அம்பாந்தோட்டை உப்பளத்து உப்பைவிட இதில் கரகரப்பு சற்று அதிகம் என்று, பிற்பாடு அதை உடைத்து வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள் சொன்னார்கள். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் மழை பிந்தியது, மிளகாய் விலை ஏறியது, உப்பு மட்டும் மலிவாகக் கிடைத்தது.

அவள் ஆசைப்பட்டுக் கடை போடவில்லை. அவளுடைய கணவன் உபசேன காட்டை வெட்டிச் சோளம் போட்டான், யானைகள் தின்றன. மறுவருஷம் கௌப்பிப் பயறு போட்டான், அதை வெயில் தின்றது. மிஞ்சியது தயாவதி தாய்வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த சில எருமைகள்தான். நாலு கம்பு நட்டு, கிடுகு வேய்ந்து, பெருந்தெருவோரம் தயிர்ச் சட்டிகளைக் கயிற்றில் தொங்கவிட்டாள். நல்ல தயிர் என்றால் சட்டியைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது, அதுதான் எங்கள் பக்கத்து நீதி. மற்றவர்கள் கவிழ்ப்பதுபோலச் சரித்துவிட்டுச் சட்டென்று நிமிர்த்திவிடுவார்கள். தயாவதி சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தபடி வாடிக்கையாளரின் தாய், தந்தை, பயிர், பிள்ளைகள் எல்லாரையும் சுகம் விசாரிப்பாள். அந்தச் சாரதியும் அப்படித்தான் மயங்கினார். “அக்கே, இந்த எருமைக்குக் கோயில் கட்டிக் கும்பிடோணும்!” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

ஏன் இப்படி ஆனது என்று ஊரில் யாரும் யாரையும் கேட்கவில்லை. புகழ்கிற வாயால் வரும் நாவூறு என்றால் எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் கொழுத்த குழந்தையைப் பார்த்து ‘என்ன அவலட்சணம்’ என்றுதான் கன்னத்தைக் கிள்ளுவோம். கட்டி முடியாத வீட்டுக்கு முன்னால் வைக்கோல் மனிதனைத் தூக்கில் தொங்கவிடுவோம். தயிருக்கும் அப்படி ஒரு வைக்கோல் மனிதன் வேண்டும் என்று உபசேன யோசித்து, ஒரு பலகையில் தாரால் எழுதி மாட்டினான்: ‘இங்கே மிக மோசமான தயிர் விற்கப்படும். தின்றுவிட்டு ஏசவும்.’

கடை வளர்ந்தது அந்தப் பலகையால்தான். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு, வழியெல்லாம் நாவடக்கத்தோடு வந்த சனங்களுக்கு வாயைத் திறந்து ஏச ஓர் இடம் கிடைத்தது. பஸ்கள் வரிசையாக நின்றன. “இது தயிரா, சுவருக்குப் பூசுற சுண்ணாம்பா?” என்று கேட்டுவிட்டு மூன்று சட்டி வாங்குவார்கள். “உன்ட கடைக்கு வந்த காலைச் செருப்பால அடிக்கோணும்” என்பார்கள். “ஓம் மாத்தயா, போன கிழமை இன்னும் கேவலமா இருந்திச்சு. கட்டித் தரவா?” என்பாள் தயாவதி. கிடுகுக் கூரை தகரமானது, தகரம் ஓடானது. எருமைகள் கன்று போட்டுப் பெருகின. ஆனால் ஒவ்வொரு நாளும் முதல் ஏச்சு உபசேனவுடையதாகவே இருந்தது, ஏனென்றால் அன்றைக்கு முதலில் திறக்கும் வாயே அன்றைய விதி. விடிந்ததும் ஒரு கரண்டி தின்பான், துப்புவதுபோல முகத்தைக் கோணுவான். “நாய்க்கு வச்சா மோந்து பாத்திட்டு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான் இண்டைக்கு விரதம் எண்டு சொல்லும்” என்பான். அவனைப்போல ஏச அந்தத் தெருவில் ஆளில்லை. தொடக்கத்தில் தயாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வருஷங்கள் போகப் போக, சிரிப்பதை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினாள். அவ்வளவு இயல்பாக ஒருவனுக்கு நடிக்க வருமா என்ற சந்தேகம் அவளுக்குள் எப்போது விழுந்தது என்று சொல்ல முடியாது. சட்டியில் உறை விழுவதுபோலத்தான் விழுந்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒருவன் சோளம் அவித்து விற்றால், அடுத்த மாதம் மைல் நீளத்துக்குச் சோளப் பானை கொதிக்கும். தயிரும் தப்பவில்லை. ‘எங்கள் தயிர் இன்னும் மோசம்’ என்று ஒரு பலகை வந்தது. ‘இலங்கையிலேயே கேவலமான தயிர்’ என்று இன்னொன்று. நேரெதிரே கடை போட்ட விமலதாச, ‘அசல் மோசத் தயிர், வேறு கிளைகள் இல்லை’ என்று மின்விளக்கு வைத்து எழுதினான். பால்மாவையும் கிழங்கு மாவையும் கரைத்து உறைய வைத்தவன் அவன், ஆகவே தெருவிலேயே உண்மை பேசிய பலகை அவனுடையது ஒன்றுதான். பஸ்கள் அவன் கடைப்பக்கம் திரும்பாமல் தயாவதியிடமே நின்றன.

ஒரு முழுநிலாப் போயா நாள் காலையில், விகாரைக்குப் போகிறவனைப்போல வெள்ளை உடுத்தி, விமலதாச தெருவைக் கடந்து வந்தான். தொழுவத்து வேலியில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டான். “தயாவதி அக்கே, அந்த வளைஞ்ச கொம்புக்காரியைப் பாருங்கோவன், ராசாத்தி மாதிரி! அடுத்தவட மடி… அம்மாடி, அது மடியா, குளமா?” அவன் அடையாளம் சொல்லிச் சொல்லிப் புகழ்ந்தான், அவை ஒவ்வொன்றாக உப்பாகின. பொறாமைக்காரனின் புகழ்ச்சியில் கலப்படம் இருக்காது. உபசேன தடியோடு ஓடி வருவதற்குள் தொழுவம் பாதி வெளுத்துவிட்டது. ஊரார் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கூடை கொண்டு வந்தோம்.

மறுநாள் தயாவதி தெருவைக் கடந்தாள். விமலதாசவின் கடைக்கு முன்னால் நின்று, தெருமுனைவரை கேட்கும் குரலில், “விமலே, உன்ட தயிர் தேன்டா! உன்ட சட்டி பொன்னுடா! உன்ட மாடு காமதேனுடா!” என்றாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனுடைய மாட்டைப் பார்த்தார்கள். அது வாலால் ஓர் ஈயை விரட்டிவிட்டு அசைபோட்டது. எங்கோ ஒருவர் சிரித்தார். மெய்யான புகழ்ச்சி மட்டுமே உப்பாக்கும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. விமலதாச கடையை அடைத்துவிட்டுச் சில நாள் வெளியே வரவில்லை. மற்றக் கடைக்காரர்கள் அவசரமாகப் பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மாடு உப்பானால் தயிர் அசல் என்று காட்டலாமென்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் தங்கள் தயிரைப் புகழச் சொல்லிக் கெஞ்சினார்கள். அந்தத் தெருவில் மாதக்கணக்காகப் புகழ்ச்சி கொட்டியது. கறிக்குப் போட ஒரு கல் உப்புக்கூட விளையவில்லை.

தயாவதி வென்றதாகத்தான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் உப்பைப் பற்றிய செய்தி கொழும்புவரை போய்விட்டது. உப்பாகிறதென்றால் அசல் என்று வேன்களில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு ஏச மனமில்லை, புகழ்ந்து பார்க்கத்தான் ஆசை. அவள் கும்பிட்டுக் கேட்டாள், பலகையின் எழுத்தைப் பெரிதாக்கினாள். அவர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள், தயிரைத் தின்றார்கள், பிறகு தொழுவத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னார்கள். அவளுடைய கடை அந்த நாட்களில் ஓடியதுபோல எந்நாளும் ஓடியதில்லை. கடைசி எருமையை உப்பாக்கியது கெட்ட மனது எதுவும் இல்லாத ஒரு புது மணப்பெண். “ஐயோ, அதுட கண்ணைப் பாருங்கோ” என்று மட்டும்தான் சொன்னாள்.

அன்று பகல் கடையில் ஒரே ஒரு சட்டி மிஞ்சியிருந்தது. தயாவதி அதை எடுத்துவந்து உபசேனவுக்கு முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். விழவில்லை. நிமிர்த்தி, தித்திப்புக்குப் பாணி ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் தின்றுவிட்டுப் பழக்கதோஷத்தில் முகத்தைக் கோணினான்.

“இண்டைக்கு ஏச வேண்டாம்” என்றாள் அவள். “எருமையும் இல்ல, கடையும் இல்ல. இவ்வளவு காலமா ஏசினீங்களே, அது நடிப்பா மெய்யா எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“சொன்னா என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். நடக்காட்டி என்ன செய்யிறது எண்டுதான் பயமா இருக்கு.”

உபசேன சட்டியை மடியில் வைத்துக்கொண்டான். தலையைக் குனிந்துகொண்டு தின்றான். ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துத் தின்றான். வெறும் சட்டியை அவளிடம் நீட்டினான்.

“எருமையில ஒண்டுமில்ல தயா” என்றான். “எல்லாம் உன்ட கைதான்.”

சட்டி கீழே விழுந்து உடைந்தது. அதைப் பிடித்திருந்த அவளுடைய வலக்கை மணிக்கட்டுவரை உப்பாகியிருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நுனிநாக்கால் தொட்டும் பார்த்தாள். அவள் சிரித்தாள் என்று எதிர்க்கடையிலிருந்து பார்த்த விமலதாச சொல்கிறான். ஆனால் அவன் பேச்சை எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை.

இப்போது அந்தத் தெரு முழுக்கப் பால்மாத் தயிர்தான். பஸ்கள் நிற்கின்றன, வியாபாரத்துக்குக் குறைவில்லை. தயாவதி இடக்கையால் சமைக்கப் பழகிக்கொண்டாள். சோறு கொதிக்கும்போது வலக்கையைப் பானைக்குள் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கிறாள், இதற்குள் சுண்டுவிரல் கரைந்துவிட்டது. அந்த வீட்டில் உப்பு வாங்குவதில்லை. உப்புச் சரியா என்று தினமும் கேட்கிறாள். உபசேன ஒரு நாள் அதிகம் என்கிறான், ஒரு நாள் குறைவு என்கிறான்.