கழுவினாலும் போகாத பச்சை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. செக் நாட்டின் பிர்னோ நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசை பொஹ்தானாவுடையது. அவள் ஜெயித்த அன்று அவளைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடினேன். வீட்டுக்கு வந்து வயிறு எரிந்தேன். பிறகு எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

தாய்மைக்காக ஏங்கிய ஒரு பெண்ணின் கைகளில்...

(கோடு போட்டு அடிக்கப்பட்டது. அடித்தவள் பொஹ்தானாதான். வரைவை அவளிடம் காட்டியிருக்கக் கூடாது.)

"எனக்குப் புள்ள வேணும்னு உங்கிட்ட எப்போ சொன்னேன்? அது ஒட்டணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதாண்டி."

2

'அது' என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெண்ணின் கருமுட்டைமேல் ஒரு புரதம் இருக்கிறது. வந்து சேரும் விந்தணுவின் மேலிருக்கும் இன்னொரு புரதத்தை அது பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி இல்லையென்றால் நீங்களும் இல்லை, நானும் இல்லை. பொஹ்தானா அதற்கான மனித மரபணுவை ஆய்வுக்கூடத்தில் வளரும் செல்களுக்குள் செலுத்தி, முட்டையே இல்லாமல் அந்தப் புரதத்தைச் செய்தாள். அதற்குப் பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றி, விந்தணுப் புரதத்தைத் தாங்கிய செல்கள்மேல் ஊற்றினாள். ஒட்டினால் பச்சை தெரிய வேண்டும். மாதக்கணக்கில் இருட்டுதான் தெரிந்தது.

எங்கள் தலைவர் ஹ்ரூபெஷ் கெட்டவரல்ல. (வில்லனாக்க ஒரு மீசைகூட வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.) அவள் செய்தது சரியான வடிவத்துக்கு மடியாத செத்த சரக்கு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை அவளுடைய செல்களை எல்லாம் கொட்டிவிட்டு, புரதத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். அவள் உழைப்பு மொத்தமும் குப்பைக்குப் போக இருந்தது.

3

தப்பு எங்கே? எங்கள் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு அது: சுத்தம். ஊற்றியதை நன்றாகக் கழுவாமல் நுண்ணோக்கியில் வைப்பவரை நாங்கள் மனிதராகவே மதிப்பதில்லை. எங்களில் பொஹ்தானா பெரிய கழுவல்காரி. அந்தப் புரதமோ தனியாக இருந்தால் லேசாகத்தான் பிடிக்கும். அது ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அவளே அதைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இது அவளுக்கு எப்படிப் புரிந்தது? நான் எழுதிய காட்சி:

நெரிசலான ஷலினா (எங்கள் ஊரில் டிராமுக்கு அதுதான் பெயர்) வளைவில் சாய்ந்தது. ஒருவர் பிடி நழுவ, மற்றவர்கள் அவரைத் தாங்க, பொஹ்தானாவின் கண்கள் அகல...

"நான் ஷலினால ஏறியே வருஷமாச்சு. நடந்துதானே வர்றேன்," என்றாள்.

பின்னே எப்படி என்று கேட்டேன். படித்தாளாம், யோசித்தாளாம். இதை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது?

ஆனால் செய்ததைச் சொல்லலாம். அந்தப் புரதத்தில் பலவற்றைக் கண்ணுக்குத் தெரியாத ஒரே நுண்மணியின்மேல் சேர்த்துக் கட்டினாள். ஒன்று பிடி விட்டாலும் மற்றவை விடாது.

4

அந்த வெள்ளிக்கிழமை காலை. செல் ஒவ்வொன்றையும் சுற்றிப் பச்சை வளையம். அதே தட்டின் பக்கத்துக் குழியில் இருந்தவை விந்தணுப் புரதம் இல்லாத செல்கள். அதே மணி, அதே சாயம், ஆனால் மையிருட்டு. ஒட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. அவளைக் கட்டிப்பிடித்தேன். அது சந்தோஷம்தான், பொறாமை பிறகுதான் வந்தது.

ஹ்ரூபெஷ் நுண்ணோக்கியில் பார்த்தார். சரியாகக் கழுவியிருக்க மாட்டாய் என்றார். அதுவும் அவளிடம்.

பொஹ்தானா எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள்.

"நீங்களே கழுவுங்க சார். கை ஓயற வரைக்கும் கழுவுங்க."

கழுவினார். பச்சை. இன்னும் அழுத்திக் கழுவினார். பச்சை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்து, அந்த மாடியில் இருந்த அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

5

முடிவுக்கு இரண்டு வழிகள் வைத்திருந்தேன். ஒன்றில் விருது: இதுவரை யாரும் தரவில்லை. இன்னொன்றில் குழந்தை: அதை அவள் எப்போதோ அடித்துவிட்டாள். ஆகவே

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

அந்த அறையில் ஆள் மாற்றி ஆள் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். நானும் கழுவினேன், கொஞ்சம் பலமாகவே. போகவில்லை. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்தது நீங்கள்தான்.