கை பொறுக்கும் சூடு

எங்கள் வீட்டு கஸ்டர்டில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. பால், முட்டை, சர்க்கரை, இரண்டு சொட்டு வெனிலா. கடையில் விற்கும் கஸ்டர்ட் பொடியை அம்மா இருந்தவரை வீட்டுக்குள்ளேயே விட்டதில்லை. அவள் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: "பால் கை பொறுக்குற சூட்டுல இருக்கணும். அப்பதான் முட்டையில ஊத்தணும்." விரலை விட்டுப் பார்ப்பாள், தலையாட்டுவாள், ஊற்றுவாள்.

அதையேதான் என் தம்பி மனைவிக்குப் போனில் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் எங்கே சும்மா இருக்கிறது?

தம்பிக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்திருந்தது. மூக்கில் போட்ட குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வாய் வழியாகச் சாப்பிட்டுத் தேறினால் சரி, இல்லையென்றால் மறுபடியும் குழாய்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் குழாயை நினைத்தாலே அவனுக்குக் கண் கலங்கும். ஆனாலும் எதைக் குழைத்துக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா செய்த மாதிரி கஸ்டர்ட் வேண்டும் என்று மட்டும் கேட்டானாம்.

முதல் தடவை அவள் செய்தது கெட்டிப்படவில்லை. "தண்ணியாவே இருக்கு அண்ணி" என்றாள். ஆவியில் எவ்வளவு நேரம் வைத்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு.

"பால்ல விரலை விட்டியா?"

"விட்டேன் அண்ணி. சுட்டுச்சு, எடுத்துட்டேன்."

"தொட்டதும் எடுத்தா என்ன தெரியும்? உனக்குப் பஞ்சுக் கை. இன்னும் கொஞ்சம் சூடாகட்டும். பொறுத்துக்கோ, ஒண்ணும் ஆகாது."

அடுத்த தடவை முட்டை திரிந்துவிட்டது. அந்தக் கட்டிகள் தொண்டையில் சிக்கி அவன் இருமி இருமித் துவண்டுபோனானாம். பால் பழசாக இருக்குமோ என்று அவள் கேட்டாள். "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சொன்ன பிறகு எனக்கே அந்தப் பழமொழி பிடித்திருந்தது. கடைக்கு வந்தவர்களிடம் கூடச் சொல்லிச் சிரித்தேன்.

எனக்கு இஸ்திரிக் கடை. தம்பி வீட்டுத் துணியெல்லாம் என்னிடம்தான் வரும். என் தொழிலையும் என் கோபத்தையும் சேர்த்து, கடை போட்ட நாளிலிருந்தே அவன் என்னைக் கூப்பிடும் பெயர் இஸ்திரிப் பெட்டி.

பிறகு ஒரு நாள் காலையில் ஷட்டரை இறக்கிவிட்டு நானே கிளம்பினேன். முட்டையைக் கூட நானே வாங்கிக்கொண்டு போனேன். ஜன்னலோரக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவன் என்னைப் பார்த்ததும், "இஸ்திரிப் பெட்டி வந்தாச்சு" என்று காற்றுக் குரலில் சொன்னான். நாளைக்கு ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிறார்கள் என்றும் சொன்னான்.

"நீ தள்ளி நின்னு பாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். முட்டையைச் சர்க்கரையோடு நுரை வராமல் கலக்கினேன். பாலில் விரலை விட்டேன். இதமாக இருந்தது. ஊற்றினேன்.

கிண்ணத்துக்குள் மஞ்சள் திரிதிரியாக ஓடியது. ஒரு நிமிடத்தில் அது கஸ்டர்டும் இல்லை, முட்டைப் பொரியலும் இல்லை.

"பால் சரியில்ல" என்றேன். சொல்லும்போதே அந்தப் பழமொழி நினைவுக்கு வந்தது.

புதிதாக முட்டை கலக்கி, வேறு பாக்கெட்டைப் பிரித்துக் காய்ச்சினேன். "அண்ணி, ஆவி பறக்குது" என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

"பறக்கட்டும். பொறுக்குதுல்ல? நீயே விரலை விட்டுப் பாரு."

அவள் இடது கையை நீட்டினாள்.

"ஏன், சோத்துக் கைக்கு என்ன வந்துச்சு?"

வலது கை முந்தானைக்குள் இருந்தது. இழுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கொப்புளம். ஒன்று உடைந்து சிவந்திருந்தது.

"நீங்கதானே அண்ணி பொறுத்துக்கோன்னு சொன்னீங்க. அவருக்காகன்னு பொறுத்துக்கிட்டேன்."

எச்சில் தொட்டு இஸ்திரிப் பெட்டியின் சூடு பார்க்கிற விரல் என்னுடையது. காய்த்துப்போய் எத்தனையோ வருடம் ஆகிறது. அம்மாவோ துணி தைத்தவள். சூடான டம்ளரைக் கூடத் துணியைப் பிடித்துத்தான் எடுப்பாள். அவள் சொன்ன கை அவளுடைய கை. அதை என் கையென்று நினைத்துக்கொண்டு இந்தப் பெண்ணை அடுப்பில் நிறுத்தினேன். அவளும் வெந்தாள், தம்பியும் இருமினான், நான் பழமொழி சொல்லிச் சிரித்தேன். பாவி.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஊருக்கெல்லாம் வாயாடும் எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. "இடது கைச் சுண்டு விரல் போதும். சுட்டா உடனே எடுத்துடு" என்றேன்.

பாலை இறக்கி ஆறவிட்டாள். தொட்டாள், எடுத்தாள். மறுபடி தொட்டாள். "இப்ப ஊத்துங்க அண்ணி." ஊற்றினேன், அவள் கலக்கினாள். வடிகட்டி, கொதிக்கும் தண்ணீரின் மேல் கிண்ணத்தை வைத்து மூடித் தீயைக் குறைத்தாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. கத்தியைச் செருகி எடுத்தபோது சுத்தமாக வந்தது.

ஆறியதும் தம்பி முதல் ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். இறங்கியது. இருமல் இல்லை. அடுத்த ஸ்பூனை அவனே எடுத்தான்.

"அக்கா கை அப்படியே அம்மா கை" என்றான். பிறகு மனைவியைப் பார்த்து, "கத்துக்கோ" என்றான்.

"சரிங்க" என்றாள் அவள்.

அந்தச் "சரிங்க" என்னைப் பிடுங்கித் தின்றது. "என் கை இல்லடா, இந்தக் கை!" என்று அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன். "ஸ்ஸ்" என்று துடித்தாள். கொப்புளத்தின் மேலேயே பிடித்திருந்தேன். எனக்குத் தெரியக்கூட இல்லை.

தம்பி ஸ்பூனை இறக்கினான். "விரல்ல என்னாச்சு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "இஸ்திரிப் பெட்டி சுட்டுடுச்சு."

"நம்ம வீட்டுல ஏது இஸ்திரிப் பெட்டி?"

"இருக்குடா" என்றேன். "உன் எதிர்லதான் நிக்குது."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. மீதியை மெதுவாகத் தின்று முடித்தான். காலிக் கிண்ணத்தை வாங்க நான்தான் கையை நீட்டினேன். அவன் அதை அவளுடைய இடது கையில் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் வை" என்றான்.