வெயில் படாத ஸ்லிங்

மலையேற்றச் சாமான் கடைக்காரம்மா மூன்றாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. கண்ணாடி மேசைமேல் எட்டு ஸ்லிங்குகளைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றின் தையலையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். பாறை ஏறுகிறவர்கள் தங்களைப் பாறையோடு பிணைத்துக்கொள்ளும் நாடா வளையம்தான் ஸ்லிங். இரண்டு விரல் அகலம்கூட வராது, அதில் முழு ஆள் தொங்க வேண்டும். அதற்காக ஒருத்தன் ஒன்றேகால் மணி நேரமா பார்ப்பான்? இவன் பார்ப்பான்.

"சார், மெல்லிசா ஒரு தினுசு வந்திருக்கு. எடையே தெரியாது. இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

"வேண்டாம்மா. அதுல முடிச்சு போட்டா வழுக்கும். நைலான்தான் நிக்கும், இழுத்தா கொஞ்சம் நீண்டும் குடுக்கும்."

"சரி, நைலான். இந்தச் சிவப்பு எடுத்துக்குங்க."

"இது எங்க தொங்கிச்சு? ஜன்னல் ஓரமாவா?"

"ஆமா."

"அப்ப வேண்டாம். வெயில் பட்டிருக்கும்."

வெயில் என்றால் அவனுக்குப் பகையாளி. நைலானை வெயில் தின்றுவிடும் என்று எங்கோ படித்ததிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கயிற்றைக் கறுப்புத் துணியில் சுற்றினான். ஸ்லிங்குகளைத் தன் பேட்டரிக் கடையின் உள் அறையில், ஜன்னலே இல்லாத சுவரில், ஆணி அடித்து மாட்டினான். வாடிக்கையாளர்களிடம்கூட அந்த ஆணியைக் காட்டிப் பெருமை பேசுவான். அவர்கள் பேட்டரி எப்போது தயாராகும் என்று கேட்பார்கள்.

இன்று காலையும் அந்தப் பெருமைதான். தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாறை ஏறுவதில் அவனைவிட ஒரு படி மேல், கவனத்தில் மட்டும் பத்துப் படி கீழ் என்பது அவன் கணக்கு. கூட வேலை செய்யும் லேப் தோழியோடு பாறைக்குப் போகிற வழியில் அவன் பேட்டரிக் கடைக்கு வந்தாள். தங்கையின் ஸ்லிங்குகள் கார் பின்கண்ணாடி ஓரம் கிடந்து வெளுத்திருந்தன. அவன் ஒரு வார்த்தை பேசாமல் கத்தரிக்கோலை எடுத்து இரண்டையும் வெட்டிப் போட்டான். உள்ளே போய் ஆணியிலிருந்து தன்னுடையதைக் கழற்றி வந்து கொடுத்தான்.

"ரெண்டு வருஷமா வெயிலே படாதது. நம்பித் தொங்கு."

"சல்லடை சொன்னா சரிதான்," என்று சிரித்துவிட்டுப் போனாள். வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். அவன் சட்டைகளைப் பார்த்து அவள் வைத்த பெயர். அவனுக்கு அது அறவே பிடிக்காது.

இப்போது கொடுத்த இரண்டுக்குப் பதிலாகத் தனக்கு இரண்டு தேடிக்கொண்டிருந்தான். கடைக்காரம்மா மேல்தட்டிலிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றை இறக்கினாள். இறக்கும்போது அவன் சட்டைமேல் கண் போயிற்று.

"என்ன சார், சட்டையை எலி கடிச்சுதா?"

"ஆசிட்மா. பேட்டரிக் கடை. எந்தச் சட்டையும் நாலு மாசம் தாங்காது."

"ஓ." பெட்டியைப் பிரிக்கப்போன அவள் கை நின்றது. "ஸ்லிங்கெல்லாம் வீட்லதானே வைக்கறீங்க?"

"இல்ல, கடையில. உள் ரூம்ல. துளி வெயில் வராது."

"அந்த ரூம்ல வேற என்ன வைப்பீங்க?"

அவன் கையிலிருந்த ஸ்லிங்கை மேசைமேல் வைத்தான். அந்த அறையில்தான் ராத்திரி பகலாகப் பேட்டரிகள் சார்ஜில் கிடக்கும். மூக்கைச் சுண்டும் ஆசிட் காற்று. ஆணிக்கு நேர் கீழேதான் சார்ஜ் மேசை.

"பார்த்தா ஒண்ணும் தெரியாது சார்," என்றாள் அவள் மெதுவாக. "தையல் அப்படியே இருக்கும், நிறமும் போகாது. உள்ளுக்குள்ள போயிருக்கும். யாருக்காவது குடுத்திருக்கீங்களா?"

அவன் அதற்குள் தெருவில் இருந்தான்.

தங்கையின் போன் அடித்து அடித்து நின்றது. தோழியுடையதும் அப்படியே. இரண்டும் பாறையடியில் பைக்குள் கிடக்கும். இருபது நிமிட வழி. ஸ்கூட்டர் அன்றைக்கென்று பார்த்து முதல் உதையில் கிளம்பவில்லை. வெளுத்துப்போன அவளுடைய ஸ்லிங்குகள்கூட ஒருவேளை தாங்கியிருக்கும், அதை வெட்டியது என் கை என்று நினைத்தான். எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று வாய்விட்டே சொன்னான். பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

பாறையடிக்கு ஓடி வந்தபோது தோழி கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றாள். மேலே, ஆறேழு மாடி உயரத்தில், பாதம் மட்டும் கொள்ளும் விளிம்பில் தங்கை நின்றிருந்தாள். இரண்டு ஸ்லிங்குகளையும் பாறையில் அடித்திருந்த இரண்டு இரும்பு ஆணிகளில் மாட்டிவிட்டாள். கயிறு கடைசியாக மாட்டியிருந்த இடம் அவளுக்கு வெகு கீழே. நடுவில் ஒரு பாறைத் திட்டு துருத்திக்கொண்டிருந்தது. ஸ்லிங் அறுந்தால் கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் அவள் முதுகு அந்தத் திட்டில் மோதும்.

அவள் கீழே பார்த்துக் காத்திருந்தாள். அதுவும் அவன் போட்ட சட்டம்தான். மேலே இருப்பவர் மாட்டியதும் சாயக்கூடாது. கீழே இருப்பவர் நன்றாகப் பார்த்து "சாய்" என்று சொன்ன பிறகுதான் ஸ்லிங்கில் உடம்பைப் போட வேண்டும்.

தோழி வாயெடுத்தாள். "சொல்லாத!" என்று அவள் தோளைப் பிடித்து அடக்கினான். கையை வாயருகே குவித்தான். சாயாதே என்று கத்த மூச்சை இழுத்தவன் பாதியில் விழுங்கினான். மேலே காற்று அடித்துக்கொண்டிருந்தது. சொல்லின் வால் அறுந்து அவள் காதில் விழப்போவது "சாய்" மட்டும்தான். வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவள் அதை டாட்டா என்று நினைத்துக்கொண்டு பதிலுக்குக் கையை ஆட்டினாள். பிறகு சாயத் தயாராகி முழங்காலைத் தளர்த்தினாள்.

என்ன சொன்னால் இவளுக்குப் புரியும்? ஓட்டை விழுந்த தன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். அடித்தொண்டையிலிருந்து கத்தினான்.

"சல்லடை! ஸ்லிங் சல்லடை!"

அவள் அசையாமல் நின்றாள். செத்தாலும் அந்தப் பெயரை அண்ணன் தன் வாயால் சொல்ல மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். சட்டையைப் பார்த்தாள். மாட்டியிருந்த ஸ்லிங்கைப் பார்த்தாள், அது தொங்கிய பேட்டரி அறை ஞாபகம் வந்தது. பிறகு மார்பைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு, இடுப்புக் கயிற்றையே இழுத்து ஆணியில் முடிச்சுப் போட்டாள். இரண்டாவது ஆணியிலும் போட்டாள்.

அவள் இறங்கி வந்ததும் அவன் ஒரு ஸ்லிங்கை வாங்கிக் காலடியில் மிதித்து, மறுமுனையைக் கையில் சுற்றி இழுத்தான். மூன்றாவது இழுப்பில் பழைய துணி மாதிரி கிழிந்தது. தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதான்.

தங்கை பக்கத்தில் குந்தினாள்.

"புதுசு வாங்கிட்டியாண்ணா?"

"இல்ல. எது நல்லதுன்னு பார்த்துட்டே இருந்தேன்."

"இனிமே நான் பார்க்கறேன். என் வீட்டுலயே வைக்கறேன். வெயில் படாம."

கிழிந்த துண்டைச் சுருட்டி, "இதை அந்த ஆணியில மாட்டு," என்று அவன் சட்டைப் பையில் போட்டாள். பையிலிருந்த ஓட்டை வழியாக அது நேரே அவன் மடியில் விழுந்தது.