கேக் வெட்ட இன்னும் அரைமணி

மகளின் கல்யாண வரவேற்புக்கு என் அண்ணன் வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஒன்பது வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. பத்திரிகைக் கவரின் மேல் அவர் பெயரை நானே எழுதினேன். நாற்பது வயசுக்கு மேல் பழகிய எழுத்து, வரி நேராக நிற்காது. அந்தக் கோணலைப் பார்த்துத்தான் வந்தாரோ என்னவோ. மூன்று மணிக்கு வந்தார். கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

என் மனைவி போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"கேக் வெட்டுனதும் கிளம்பிடுவாராம். நாலேமுக்கால் பஸ்ஸாம். பேசறதுன்னா இப்பவே போய்ப் பேசுங்க. பை மடியை விட்டு இறங்கல பாருங்க."

"பேசறேன்."

"எப்போ? பேரன் கல்யாணத்துலயா?"

நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கேக் மேசைக்குப் போய் நின்றுகொண்டேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து, தூங்காமல், அந்தக் கேக்கோடு வந்தவன் நான். மண்டபத்து ஜன்னல்களுக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். வெயில் அதில் வடிந்து உள்ளே வரும்போது எல்லோரும் தேன் பாட்டிலுக்குள் நடமாடுகிற மாதிரி இருந்தது. பாட்டு எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. கண்ணை மூடினால் நின்றபடியே தூங்கிவிடுவேன்.

கேக் மூன்று அடுக்கு. எங்கள் தெருமுனைப் பெண் செய்தது. இந்த வெயிலில் எங்கே வைப்பது என்று அவள் கையைப் பிசைந்தபோது, எங்கள் கோல்டு ஸ்டோரேஜில் வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மீனும் பட்டாணியும் பெட்டி பெட்டியாக உறைகிற கிடங்கு. இருபத்துமூன்று வருஷமாக அங்கே பெட்டி அடுக்குகிறேன். உறைந்த சாமான் வெளியே வந்தால் முதலில் வேர்க்கும். முத்து முத்தாக நிற்கும். பிறகு அந்த வேர்வை தானாகக் காயும். காய்ந்துவிட்டால் உள்ளே இளகிவிட்டது என்று அர்த்தம். கேக்கின் வேர்வை மூன்றரைக்கே காய்ந்துவிட்டது.

அப்போதுதான் சம்பந்தியம்மா வந்தார்.

"என்ன சம்பந்தி, வெட்டிடலாமா? கேக்கை வெட்டினாத்தான் தூரத்துல இருந்து வந்தவங்க எழுந்திரிப்பாங்க. இல்லேன்னா மரியாதைக்கு உக்காந்தே இருப்பாங்க, பாவம்."

அதுதான் விஷயம். கேக் வெட்டினால் கூட்டம் கலையும். அண்ணன் பையைத் தூக்கிக்கொள்வார். கேக் வெட்டாத வரைக்கும்தான் எனக்கு நேரம்.

இடது கையின் மூன்று விரல்களைக் கேக் பலகையின் அடியில் கொடுத்து, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"இல்லம்மா. உள்ள இன்னும் ஐஸ் இருக்கு. இப்ப வெட்டினா கத்தி இறங்காது. பொண்ணு மாப்பிள்ளை மானம் போயிடும். அரைமணி போகட்டும்."

தொழில்காரன் சொன்னால் யார் மறுப்பார்கள். அவர் போய்விட்டார். பக்கத்து மேசைகளில் எங்கள் கிடங்கு ஆட்கள் இருந்தார்கள். அதில் 'விசில்' என்று ஒருவன், தள்ளுவண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் விசிலடிப்பவன், கேக்கை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டான்.

அண்ணனிடம் சொல்லவேண்டியது ஒரே ஒரு விஷயம். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் அதே கிடங்கில் இருந்தார். ஷிப்ட் முடிந்து உறை அறையின் கதவைப் பூட்டுவது அவர் வேலை. பூட்டுமுன் உள்ளே பார்த்து மூன்று தடவை கூப்பிடவேண்டும், பதில் வராவிட்டால் பூட்டலாம். அன்று காலையில், நான் பெட்டியைக் கோணலாக அடுக்கியிருக்கிறேன் என்று நாலு பேர் முன்னால் என்னைத் திட்டினார். அதை நான் மனதிலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் கடைசி வரிசைக்குப் பின்னால் சாமான் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவர் குரல் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தேடட்டும், உள்ளே வந்து கூப்பிடட்டும் என்று இருந்தேன். கதவு மூடியது. உள்பக்கக் கைப்பிடி உறைந்துபோயிருந்தது. நாற்பது நிமிஷம்.

வெளியே இழுத்துப் போட்டபோது எல்லோரும் சுற்றி நின்றார்கள். "கூப்பிடவே இல்ல. வேணும்னே பூட்டிட்டான்," என்று சொன்னேன். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை. அந்த வாரமே ஊரைவிட்டுப் போய்விட்டார். எனக்கு இடது கையில் மூன்று விரலுக்கு உணர்ச்சி போனது. அது, அன்று ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிப் போன அண்ணனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போய்விடும்.

இரண்டு தடவை அவர் நாற்காலியை நோக்கி நடந்தேன். முதல் தடவை பாதி வழியில் ஒரு சின்னப் பெண் பலூனோடு குறுக்கே வந்தது, அதுவே சாக்காகத் திரும்பிவிட்டேன். அடுத்த தடவை சாக்கே இல்லாமல் திரும்பினேன்.

நாலு மணிக்கு மகள் மேடையிலிருந்து குனிந்தாள். "அப்பா, சிரிச்சு சிரிச்சுக் கன்னம் வலிக்குது. எப்பப்பா வெட்டறது?"

கேக் செய்த பெண் ஓடி வந்தாள். "அண்ணே, க்ரீம் இறங்குதுண்ணே. மேல் அடுக்கு சாயுது. என் பேரு கெட்டுப்போகும்."

"வெளிய இறங்கும்மா. உள்ள பாரு," என்று மறுபடி மூன்று விரலைப் பலகையின் அடியில் கொடுத்தேன். தலையை ஆட்டினேன். "கல்லு."

நிமிர்ந்தால் அண்ணன் எதிரே நிற்கிறார். பை கையில். தலை முழுக்க நரைத்திருந்தது. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த விரல்ல உனக்கு என்னடா தெரியுது?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவர் பையைக் கீழே வைத்தார். தன் கையைப் பலகைக்கு அடியில் கொடுத்து, கண்ணை மூடி, பழைய நாளில் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பது போலவே நிதானமாகத் தடவிப் பார்த்தார். அந்தக் கைக்குத் தப்பாது. தெரிந்திருக்கும். சம்பந்தியம்மாவும், அந்தப் பெண்ணும், மேடையில் என் மகளும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"தம்பி சொல்றது சரிதான்," என்றார் உரக்க. "நடுவுல கட்டியா இருக்கு. இன்னும் அரைமணி ஆகும்."

இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அவர் சட்டையில் பஸ் தூசி வாசனை. இப்போது சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் வெளிச்சம் வெள்ளையானது. மண்டபம் முழுக்கப் புகைப்பனி இறங்கியது. வரிசை வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டி மேலும் ஒரு மெழுகுவர்த்தி. தூரத்தில் கதவு திறந்து ஒருவர் நின்று என்னைக் கூப்பிடுகிறார். வாயைத் திறந்தேன், வாயிலிருந்து க்ரீம் வந்தது. மறுபடி கூப்பிட்டார். நான் கையைத் தூக்கினேன்.

தூக்கிய கையை யாரோ பிடித்தார்கள். கண் விழித்தேன். என் தலை அண்ணன் தோளில் இருந்தது. ஜன்னல் துணியில் வெயில் சிவப்பாகிவிட்டது.

"மணி என்னண்ணே?"

"அஞ்சாகப் போகுது. குறட்டை வேற. உன் சம்பந்தியம்மா ரெண்டு தடவை வந்துட்டுப் போச்சு. ரெண்டு தடவையும் ஐஸ் இன்னும் விடலன்னு சொல்லிட்டேன். மூணாவது தடவை வந்தா என்னையும் சேத்து வெட்டிடும்."

"பஸ்ஸு?"

அவர் பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். தூக்கக் கலக்கத்திலேயே சொன்னேன். முழுசாக விழித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பிடித்திருந்த கையையும் விடவில்லை.

"எத்தனை தடவை?"

"மூணு."

மற்ற கையில் மூன்று விரலை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"மூணுதானா," என்றார். "ரெண்டோடவே பூட்டிட்டேனோன்னு நினைச்சு நினைச்சு... ஒம்பது வருஷம்டா. எத்தனை ராத்திரி எழுந்து உக்காந்து எண்ணிருக்கேன் தெரியுமா."

"கோபத்துல இருந்தேண்ணே. காலையில திட்டினேல்ல."

"அடுக்கினது கோணல்தானே?"

"கோணல்தான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கிடங்கு ஆட்களின் மேசையைத் தாடையால் காட்டினார். "அன்னைக்கு அவங்க முன்னாடிதான் சொன்னே."

எனக்குப் புரிந்தது. எழுந்து போய்ச் சம்பந்தியம்மாவிடம், "ஐஸ் விட்டிருச்சும்மா, வெட்டலாம்," என்றேன். கூட்டம் முழுவதும் மேசையைச் சுற்றி வந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் வாயை மூடி நிற்பது அந்த ஒரு நிமிஷம்தான். மகள் கையில் கத்தி, அதன் மேல் மாப்பிள்ளை கை.

"ஒரு நிமிஷம் பாப்பா," என்றேன். விசிலைப் பார்த்து, மற்றவர்களைப் பார்த்து, சொன்னேன். அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டதை, எனக்குக் கேட்டதை, வீம்பில் பேசாமல் இருந்ததை, பிறகு பொய் சொன்னதை. நாலு வரிதான். மகள் கத்தியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். அவளுக்கும் நான் அந்தப் பொய்யைத்தான் சொல்லி வைத்திருந்தேன்.

விசில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அண்ணனுக்கு எதிரே நின்றான்.

"நாங்க உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ணே," என்றான். "கேக்கல." பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னைய நாளைக்கு ஷிப்ட்ல பாத்துக்கறோம். இப்ப கேக்கை வெட்டச் சொல்லு. இது மூணரைக்கே இளகிடுச்சு. வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

கத்தி இறங்கியது. இறங்கின வேகத்தில் மேல் அடுக்கு ஒரு பெருமூச்சு மாதிரி சரிந்தது. அண்ணன் பாய்ந்து இரண்டு கையாலும் தாங்கினார். கை இரண்டும் மணிக்கட்டு வரை க்ரீம். மகள் மாப்பிள்ளைக்கு ஒரு வாய் கொடுத்தாள். அடுத்த துண்டைப் பெரியப்பாவுக்கு ஊட்டினாள், அவர் கையை எடுக்க வழியில்லாமல் நின்றதால். எனக்கு உடனே கொடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் கொடுத்தாள்.

கூட்டம் மெதுவாகக் கலைந்தது. என் மனைவி அண்ணனின் பையை எடுத்து எங்கேயோ உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து தேடினார்.

"அடுத்த பஸ் எப்போடா?"

எனக்கு அந்த ஊர் பஸ் நேரம் எதுவும் தெரியாது.

"இன்னும் அரைமணி ஆகும்ணே," என்றேன்.

"எந்தக் கையால தொட்டுப் பாத்தே?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.